தானா ஆற்றின் தடை

நார்வேக்கும் பின்லாந்துக்கும் எல்லையாக ஓடி, பேரன்ட்ஸ் கடலில் கலக்கிறது தானா ஆறு. 1928இல் இவ்வாற்றில் தூண்டிலில் அகப்பட்ட சால்மனின் எடை 36 கிலோ. அட்லாண்டிக் சால்மன்களுள் அதனை விஞ்சியது ஒன்று தூண்டிலில் சிக்கியதாகப் பதிவில்லை. அத்தகைய ஆற்றில் 2021இல் சால்மன் பிடித்தலை இரு அரசுகளும் அடியோடு தடுத்தன. அடுத்து வந்த ஆண்டுகளிலும் தடை தளரவில்லை.

மீன்வளம் குன்றியது மெய். ஆற்றில் அளவு மீறிப் பிடித்ததும், உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு கோடைதோறும் திரண்ட வெளியூர்த் தூண்டிற்காரர்களும் அதற்குக் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஆற்றில் பிறந்து சில ஆண்டுகள் வளர்ந்து கடல் புகும் குஞ்சுகளில் மிகப் பல மீள்வதே இல்லை. கரையோர மக்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டதால் கடலில் நேரும் அழிவு நின்றுவிடாது. தடைக்குப் பின்னும் மீன்வளம் விரைந்து மீளாதது இதனை உணர்த்துகிறது.

இத்தடையால் பெரிதும் இழப்பவர் இவ்வாற்றங்கரையில் வாழும் சாமி பழங்குடியினர். நீரோட்டத்தோடு வலையை மிதக்கவிட்டுப் பிடிப்பது, ஆற்றின் குறுக்கே தடுப்பு நாட்டிப் பிடிப்பது ஆகியவை தலைமுறை தலைமுறையாக அவர் கையாண்ட முறைகள். எந்த மடுவில் எப்பருவத்தில் மீன் தங்கும் என்னும் அறிவு ஏட்டில் இல்லை. படகிலேறிய பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துக் கற்றது அது. படகு கரையிலேயே கிடந்தால் அவ்வறிவை எவரிடம் கற்பது? இவ்வினாவிற்கு இரு தலைநகரங்களும் விடை கூறவில்லை. தடைக்கு முன்பே, 2017இல் நடைமுறைக்கு வந்த இரு அரசுகளின் தானா மீன்பிடி உடன்படிக்கையே சாமி மக்களின் எதிர்ப்பைப் புறந்தள்ளி, மரபு வலைமுறைகளைக் கடுமையாகக் குறுக்கியிருந்தது.

இதனிடையே வேறோர் அவலம். முன்னாள் சோவியத் அரசு தன் வடமேற்குக் கரைகளில் கொணர்ந்து விட்ட பசிபிக் இளஞ்சிவப்புச் சால்மன், ஒற்றைப்படை ஆண்டுகளில் தானாவில் பெருங்கூட்டமாய் ஏறுகிறது. 2023இல் அதனைத் தடுக்க நார்வே ஆற்றின் குறுக்கே பொறி அமைத்தது. அந்நிய மீன் திரளாய் வர, ஆற்றுக்குரியோர் கைகட்டி நின்றனர்.

தானாவின் துணையாறுகளில் விதிமீறி மீன்பிடித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சாமி மக்களைப் பின்லாந்தின் உச்சநீதிமன்றம் 2022இல் விடுவித்தது. பழங்குடியினர் தம் பண்பாட்டைப் பேணும் அரசமைப்புரிமையே அத்தீர்ப்பின் அடிப்படை. அதன் பின்னரும் அவர்களோடு கலந்தாலோசிப்பதோடு நிறுத்திக்கொள்வது முறையன்று. தடையை நீட்டினும் தளர்த்தினும், சாமி மக்கள் தேர்ந்தெடுக்கும் சாமி நாடாளுமன்றங்களின் இசைவின்றி இனியொரு முடிவும் எடுக்கலாகாது.