மனத்திடம் என்றால் முறைப்பதா?

டென்னிஸ் பேச்சு வந்தால் நம் வயதுக்காரர்கள் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: "நம்ம ஆளுங்களுக்கு ஆட்டம் வரும், மனத்திடம் வராது."

இதற்குச் சாட்சி விஜய் அமிர்தராஜ். 1979 விம்பிள்டனில் போர்க்கை எதிர்த்து இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முந்தி, நாலாவது செட்டிலும் முன்னால் இருந்து, தோற்றார். உண்மைதான். ஆனால் 1974 அமெரிக்க ஓப்பனில் அதே போர்க்கை ஜெயித்தவரும் அவரேதான். அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

ராமநாதன் கிருஷ்ணனைப் பாருங்கள். 1966, கல்கத்தா, டேவிஸ் கோப்பை. இந்தியாவும் பிரேசிலும் 2-2. கடைசி ஆட்டத்தில் பிரேசிலின் தாமஸ் கோச் இரண்டு செட் எடுத்துவிட்டு, நாலாவதில் 5-2 என்று நிற்கிறார். இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் முடிந்தது கதை. கிருஷ்ணன் அந்த செட்டை 7-5 என்றும் அடுத்ததை 6-2 என்றும் எடுத்தார். இந்தியா முதல் முறையாக இறுதிச் சுற்றுக்குப் போனது. எதிராளியை முறைத்து மிரட்டும் ஆட்டமா அவருடையது? மென்மையான ஆட்டம் என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்!

மனத்திடம் என்பது ஆவேசம் அல்ல. வருகிற பந்தை மட்டும் பார்ப்பது. காரவள்ளியிலிருந்து மலையேறும் பஸ் டிரைவரைக் கேளுங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவையும் சேர்த்து நினைத்தால் ஸ்டியரிங் பிடிக்க முடியுமா?

ஒரு தோல்வியைக் காட்டி ஊருக்கே கோழைப் பட்டம் கட்டாதீர்கள். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் சொன்னால் நம்பியும் விடுவார்கள்.