முகக்கவசம் மறைத்த உச்சரிப்பு: அடுத்த கிருமிப் பரவலுக்கு முன் ஒரு கேள்வி

2020 ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகள் 2025ல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதிவிட்டார்கள். பாசிர் ரிஸ் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் அவர்கள் பந்து உதைப்பதைப் பார்த்தால் எதுவுமே நடக்காததுபோல இருக்கிறது. ஆனால் எழுத்தும் ஒலியும் மனத்தில் பதியும் வயதில், 2020 ஜூன் 2 முதல் 2022 ஆகஸ்ட் 28 வரை, கிட்டத்தட்ட 27 மாதங்கள், இவர்கள் வகுப்பறையில் ஆசிரியரின் முழு முகத்தைப் பெரும்பாலும் பார்க்காமல் படித்தவர்கள்.

விதி வந்த வழியை நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 தொடக்கத்தில், உடல்நலமில்லாதவர் மட்டும் முகக்கவசம் அணிந்தால் போதும் என்றே அரசாங்கம் சொன்னது. பிப்ரவரியில் வீட்டுக்கு நான்கு முகக்கவசங்கள் வீதம் சுமார் 13 லட்சம் வீடுகளுக்குக் கொடுத்தபோதும் அதே அறிவுரைதான். ஏப்ரல் 8ல் பள்ளிகள் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. ஏப்ரல் 14 முதல் வெளியில் செல்வோர் அனைவருக்கும் முகக்கவசம் கட்டாயமானது. ஜூன் 2ல் பள்ளிகள் படிப்படியாகத் திறந்தபோது அந்தக் கட்டாயமும் பிள்ளைகளோடு வகுப்புக்குள் வந்தது. 2022 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் தளர்வை அறிவித்தார். ஆகஸ்ட் 29 முதல் பள்ளியில் முகக்கவசம் அவரவர் விருப்பம். அதன் பிறகும் 2023 பிப்ரவரி 13 வரை பொதுப் பேருந்திலும் எம்ஆர்டியிலும் அணியத்தான் வேண்டும். பேருந்தில் போட்டுக்கொண்டு வந்து பள்ளி வாசலில் கழற்றிப் பைக்குள் வைப்பது அந்த ஆறு மாதம் பிள்ளைகளுக்குப் பழகிப்போனது.

அந்த விதி தவறு என்று சொல்ல வரவில்லை. அதற்கு ஈடாகக் கிடைத்தது பெரிது. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ல்தான் மீண்டும் திறந்தன. இடைவெளியை ஈடுகட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்ப வேண்டியிருந்தது. இங்கே பள்ளிகள் முழுமையாக மூடியிருந்தது சில வாரங்களே. 2021 மே மாதத்தில் இன்னொரு பத்து நாள். இதில் முகக்கவசத்தின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். இடைவெளிவிட்ட இருக்கைகளும், 2021 டிசம்பர் இறுதியில் சிறுவர்களுக்குத் தொடங்கிய தடுப்பூசியும் சேர்ந்ததுதான் அது.

ஆனாலும் அதற்கான விலையை எல்லாப் பாடங்களும் ஒரே அளவில் கொடுக்கவில்லை. கணக்குப் பாடத்தை முகக்கவசத்தோடு நடத்திவிடலாம். தமிழ்ப் பாடம் அப்படியல்ல. ‘ந’ சொல்லும்போது நாக்கு பல்லைத் தொடுகிறது, ‘ன’வுக்குச் சற்று மேலே, ‘ண’வுக்கு மடிந்து அண்ணத்தைத் தொடுகிறது. ல, ள, ழ மூன்றுக்கும் இப்படித்தான். ஆசிரியர் வாயைத் திறந்து காட்டுவார், பிள்ளை பார்த்துச் செய்யும். துணி அந்தக் காட்சியை மறைப்பதோடு நிற்பதில்லை. கூர்மையான ஒலிகளையும் மழுங்கடிக்கிறது. மெய்யெழுத்துகளைப் பிரித்துணர உதவுபவை பெரும்பாலும் அந்த ஒலிகளே.

வீட்டில் தமிழ் புழங்கினால் இந்த இழப்பு அங்கேயே சரியாகிவிடும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. பாசிர் ரிஸ், கிழக்கு மேற்கு ரயில் பாதையின் கடைசி நிலையம். கடைக்காரர் தமிழில் விலை சொல்லும் சத்தம் பிள்ளையின் காதில் விழ வேண்டுமென்றால் தேக்காவரை போக வேண்டும். அந்த ஆண்டுகளில் அந்தப் பயணமும் குறைந்தது, கோயிலுக்குப் போவதும் குறைந்தது, தாத்தா பாட்டி வீட்டுக்கு ஒரே நேரத்தில் எத்தனை பேர் போகலாம் என்பதற்கும் வரம்பு இருந்தது. பல பிள்ளைகளுக்குத் தமிழ் ஒலி கேட்ட ஒரே இடம் பள்ளி வகுப்பு. அங்கே ஆசிரியரின் வாய் மறைந்திருந்தது.

விதியை வகுத்தவர்கள் இதை அறவே நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2020 ஜூனில் ஒளிபுகும் முகத்தடுப்புக்குச் சில விலக்குகள் இருந்தன: முகக்கவசம் அணியச் சிரமப்படும் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒன்று; வகுப்பில் ஒரே இடத்தில் நின்று பேசுபவருக்கு இன்னொன்று. ஆனால் தமிழாசிரியர் ஒரே இடத்தில் நிற்பவரா? வாசிக்கும் பிள்ளையின் மேசைப் பக்கம் போய்க் குனிந்து திருத்துவதுதானே அவர் வேலை. தாய்மொழித் தேர்வில் வாய்மொழிக்கு மட்டும் 25 விழுக்காடு மதிப்பெண். 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டும் பிள்ளைகள் அதற்கு முகக்கவசத்துடன்தான் தயாரானார்கள்.

வெளிநாடுகளில் வயது பார்த்துக் கோடு போட்டார்கள். 2020 ஆகஸ்டில் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும், ஐந்து வயதுக்குக் கீழ் கட்டாயம் வேண்டாம், ஆறு முதல் பதினொன்றுவரை சூழ்நிலையைப் பொறுத்து, பன்னிரண்டுக்கு மேல் பெரியவர்களைப் போல என்று பரிந்துரைத்தன. அந்த நடு வயதினருக்கு முடிவெடுக்கும்போது, கற்றலுக்கு ஏற்படும் பாதிப்பையும் கணக்கில் எடுக்கச் சொன்னார்கள். இங்கிலாந்து தன் தொடக்கப்பள்ளி மாணவர்களை வகுப்பில் முகக்கவசம் அணியச் சொல்லவே இல்லை. நெருக்கமான நம் நகரத்துக்கு அது பொருந்தியிருக்குமா என்பது வேறு விஷயம். என் கேள்வி வயதைப் பற்றியது அல்ல, பாடத்தைப் பற்றியது.

2023 மார்ச்சில் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, தொடக்கத்தில் முகக்கவசம் குறித்து அவ்வளவு திட்டவட்டமாகப் பேசியிருக்க வேண்டாம் என்று ஒப்புக்கொண்டது. பாராட்ட வேண்டிய நேர்மை. ஆனால் அது எப்போது போடச் சொல்வது என்பதைப் பற்றிய பாடம். எங்கே, யாருக்கு, எந்த வேலைக்குத் தளர்த்துவது என்பதையும் யோசிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் தொற்றுநோய்களுக்கென்றே தனி அமைப்பு தொடங்கப்பட்டுள்ளது. அடுத்த முறைக்கான திட்டங்கள் அமைதியான இந்தக் காலத்தில்தான் எழுதப்படும்.

கேட்க வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. மொழி ஆசிரியர்களுக்கு வாய் தெரியும் முகக்கவசம். உச்சரிப்புப் பயிற்சியை மட்டும் கூரையுள்ள திறந்தவெளியில் சிறு குழுக்களாக நடத்த அனுமதி. ஆசிரியர் முகம் தெரியப் பேசும் பாடக் காணொளிகள். செவித்திறன் குறைந்த மாணவர்கள் படிக்கும் மேஃபிளவர் தொடக்கப்பள்ளி போன்ற இடங்களுக்கும் இவற்றில் சில உதவும் என்பதால், இதைத் தமிழர் மட்டும் கேட்கும் சலுகையாகப் பார்க்கத் தேவையில்லை. பள்ளியின் பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் அடுத்த கூட்டத்தில் இதை எழுப்பலாம்.