மண் லோடு சொல்வதற்கு முன்



செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர், மாமல்லபுரம் சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கும், கட்டிய வீட்டுக்குத் தோட்டம் போடுகிறவர்களுக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மனை வாங்கி மேடு படுத்துகிறவர்களுக்கும் இந்த வேண்டுகோளை வைக்கிறோம். நாங்கள் ஏரிப் பாசனத்தை நம்பி நெல் போடும் விவசாயிகள், கடலோரக் கிராமங்களில் குடியிருப்பவர்கள். எங்களிலும் வீடு கட்டியவர்கள் உண்டு. ஜல்லியும் எம்-சாண்டும் இல்லாமல் சுவர் எழும்பாது என்பது தெரியும். லோடே வாங்காதீர்கள் என்று யாரையும் கேட்கவில்லை. எங்கே வெட்டியது என்று தெரியாத மண்ணை உங்கள் வாசலில் இறக்க விடாதீர்கள் என்று கேட்கிறோம்.

இன்றைக்கு ஒரு போன் போதும். "மூணு லோடு செம்மண், ரெண்டு யூனிட் கிராவல்" என்று சொன்னால் மறுநாள் விடிவதற்குள் தெருவில் குவிந்து கிடக்கிறது. விலை பேசுகிறோம், வண்டி எப்போது வரும் என்று விசாரிக்கிறோம். எந்த ஊர் மண், எந்த சர்வே எண் என்று கேட்பவர் அரிது. கேட்டாலும் "எல்லாம் பர்மிட் மண்ணுதான் சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த மண்ணில் ஒரு பகுதி எங்கள் ஏரிகளிலிருந்து வருகிறது. தூர்வாருவது வேறு, பள்ளம் பறிப்பது வேறு. தூர்வாரினால் ஏரியின் அடி சீராகத் தாழும், கொள்ளளவு கூடும். வண்டிக்காரர் அவசரத்துக்கு எடுக்கும்போது கையெட்டும் இடத்தில் ஜேசிபி இறங்கி, ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டுகிறது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே குழியில் நிற்கும் தண்ணீர் ஒரு வயலுக்கும் பாயாது. கரைக்கு அருகில் தோண்டினால் கரையின் கால் பலமிழக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை கசிவது அங்கிருந்துதான் தொடங்கும். கோடையில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு அந்தக் குழிகளின் ஆழம் தெரியாது. மதுராந்தகத்தில் பெருமாளுக்கே ஏரி காத்த ராமர் என்று பெயர். கரை உடைந்துவிடும் என்று ஊரே நடுங்கிய ஒரு மழை இரவில் ராம லட்சுமணர் வந்து காவல் நின்றார்கள் என்பது இந்த மாவட்டத்துக் குழந்தைகளும் அறிந்த கதை. ஏரிக்கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதை அந்த அளவுக்கு உணர்ந்த ஊர்கள் இவை.

ஏரி மண் எடுக்க முறையான வழியும் இருக்கிறது. வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வண்டல் மண்ணும் களிமண்ணும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2024-இல் அரசு நடைமுறையை எளிதாக்கியது. நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்று வரம்பும் உண்டு. வயலுக்கென்று வாங்கிய அந்த அனுமதியைக் காட்டி மனைக்கு மண் ஓட்டினால், அது அனுமதி மண் ஆகாது.

பாலாற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலத்தின் மேல் போகும் எவரும் பார்க்கலாம். செங்கல்பட்டுக்கும் தாம்பரம் பக்கத்து ஊர்களுக்கும் குடிநீர் தந்த ஆறு, கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் நீர் தரும் ஆறு. அந்த நீரைத் தேக்கி வைத்திருந்தது அதன் மணல். மணல் போன பிறகு வல்லிபுரத்திலும் வாயலூரிலும் தடுப்பணை கட்டி நீரைப் பிடித்து நிறுத்துகிறோம். அணை எழுப்பலாம், போன மணலைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கடலோரத்தில் நடப்பது இன்னும் கண்ணில் படாதது. கோவளம் தொடங்கி சதுரங்கப்பட்டினம் வரை ஊர்களுக்கும் அலைக்கும் நடுவில் நிற்பவை மணல் மேடுகள். அடும்புக் கொடியும் இராவணன் மீசையும் வேரோடி அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. மழைநீர் அதில் இறங்கி, கீழே உள்ள உப்பு நீரின் மேல் நல்ல தண்ணீராக மிதந்து நிற்கிறது. எங்கள் கிணறுகள் இனிப்பது அதனால்தான். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருவதும் இந்த மணலுக்கே. மேட்டைச் சமன் செய்து புல்தரை போட்டால் அலைக்குத் தடுப்பு, கிணற்று நீர், ஆமை மூன்றும் போகும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் மணல் அள்ளுவதையும் மணல் மேட்டை மாற்றுவதையும் தடை செய்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது மணலுக்கடியில் செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயில் வெளிப்பட்டது. இந்தக் கரையில் மணல் எதையெல்லாம் மூடிக் காத்துக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் முழுமையாகத் தெரியாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும் என்று சட்டம் சொல்வதற்குக் காரணம் உண்டு.

இனி, லோடு வரும்போது செய்ய வேண்டியது. முதலில் நடைச்சீட்டைக் கேளுங்கள். குவாரி எங்கே இருக்கிறது, கனிமம் எது, எவ்வளவு, வண்டி எண் என்ன, எப்போது புறப்பட்டது, எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வண்டி எண் வேறாக இருந்தாலோ, புறப்பட்ட நேரம் முந்தைய நாளாக இருந்தாலோ, ஒரே சீட்டில் பல நடை ஓடுகிறதா என்று சந்தேகியுங்கள். சீட்டில்லாமல் கனிமம் கொண்டுபோவது 1957-ஆம் ஆண்டு கனிமவளச் சட்டப்படி குற்றம். 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு, வண்டியும் பறிமுதலாகும். நடுராத்திரியில்தான் இறக்குவோம் என்று சொல்லும் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

சீட்டோடு டேப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. டிப்பர் தொட்டியின் உள்நீளம் 12 அடி, அகலம் ஆறரை அடி, மண் நிற்கும் உயரம் 3 அடி என்றால் 234 கன அடிதான். மூன்று யூனிட்டுக்குப் பணம் கொடுத்திருந்தால் அறுபத்தாறு கன அடி உங்களுக்கு வரவில்லை. ஓரத்தில் குவித்து நடுவில் பள்ளம் விட்டிருந்தால் அதற்கும் குறைவு. ஈர மணல் உப்பிக் காட்டும். சிறிதளவு ஈரத்திலேயே நாலில் ஒரு பங்கு வரை கூடுதலாகத் தெரியும். கொட்டிய குவியலைக் கிளறிப் பாருங்கள். நிரப்பு மண்ணில் உடைந்த டைல்ஸ், சாக்குத் துண்டு, பிளாஸ்டிக் கிடந்தால் அது இடிபாடு. கிளிஞ்சல் துணுக்கு கிடந்தால் கடல் மணல். அதன் உப்பு கான்கிரீட்டுக்குள் கம்பியை அரித்துவிடும். எம்-சாண்டில் ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்தால், கிரஷர் டஸ்ட் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது தெளிந்தபின் தனி ஏடாகத் தெரியும். முறையாகக் கேட்பவருக்கு நல்ல சரக்கு வருகிறது என்பது நாங்கள் கண்டது.

தோட்டம் போடுகிறவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. கடலோர மணலில் புல் பிடிக்கவில்லை என்று அரையடி உயரத்துக்குச் செம்மண் கொட்டுகிறார்கள். 2,400 சதுர அடி மனைக்கு அரையடி என்றால் 12 யூனிட். எங்கோ ஒரு குன்றோ மேய்க்காலோ அந்த அளவுக்குக் குறைகிறது. அதே மணலில் மக்கிய சாணமும் தென்னை நார்க்கழிவும் இலைதழையும் கலந்து, நடும் குழிக்கு மட்டும் செம்மண் போட்டால் இரண்டொரு மழைக்காலத்தில் மண் தேறிவிடும். பூவரசு, புன்னை, தாழை, பனை எல்லாம் இந்த மணலில் பிறந்தவை. லாரி மண் கேட்காதவை. அஸ்திவாரம் தோண்டிய மண்ணை வெளியே கொடுத்துவிட்டு நிரப்ப வேறு மண் வாங்குவதும் வேண்டாம். மழைநீர்த் தொட்டிக்கு ஜல்லியும் கூழாங்கல்லும் தாராளமாக வாங்குங்கள். அது கிணற்றுக்குப் போகும் செலவு. பேவர் பிளாக் பதிப்பதற்குப் பதில் நடைபாதைக்கு ஜல்லி பரப்பினால் மழையும் உள்ளே இறங்கும்.

மனையை மேடு படுத்தும்போது பக்கத்து வீட்டைப் பாருங்கள். நாலடி உயர்த்தினால் உங்கள் மனையில் நின்ற தண்ணீர் தாழ்வான குடிசைக்குள் போகும். 2015 டிசம்பர் மழையில் அது எப்படிப் போகும் என்று பார்த்தோம். ஓடைப் புறம்போக்கிலோ பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய சதுப்பிலோ மண் கொட்டினால் வெள்ளம் ஊர் முழுவதற்கும் வரும்.

வண்டி ஓட்டும் தம்பிகள் மீது எங்களுக்குக் கோபமில்லை. அவர்கள் நடைக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஓட்டுகிறார்கள். பிடிபட்டால் முதலில் சிக்குவதும் அவர்களே. அவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள், வண்டியைத் தனியாக மறிக்காதீர்கள். வண்டி எண், நேரம், இடம் மூன்றையும் எழுதி, வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்டக் கனிமவளத் துறையிலோ, திங்கட்கிழமை ஆட்சியரின் மக்கள் குறைதீர் கூட்டத்திலோ மனுவாகக் கொடுங்கள். மனு ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குடியிருப்போர் சங்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு நோட்டுப் போட்டு, தங்கள் தெருவில் இறங்கிய லோடுகளின் நடைச்சீட்டு நகலை ஒட்டி வைக்க வேண்டுகிறோம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபைக்கு அந்த நோட்டுகளோடு வாருங்கள். எந்த ஏரியிலிருந்து எவ்வளவு போனது என்ற கணக்கை நாங்களும் எடுத்து வருகிறோம். இரண்டையும் சபையில் வைத்து ஒப்பிட்டு, தீர்மானம் எழுதுவோம்.

இப்படிக்கு,
செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பகுதி
ஏரிப்பாசன விவசாயிகளும் கடலோரக் குடியிருப்போரும்