விளக்கு அணைந்த பிறகு...

தோழனே!

மேடையிலே முழங்குகிறோம், ஊழலை ஒழிப்போம் என்கிறோம், கையொலி வானைப் பிளக்கிறது. கூட்டம் கலைகிறது, விளக்கு அணைகிறது. அதன் பிறகுதான் நமக்குத் தேர்வு தொடங்குகிறது! அரிதாரம் கலைத்தால் நடிகனின் வேடம் முடிந்துவிடும். தொண்டனுக்கு அந்த வசதி இல்லை. அவன் மேடையை விட்டு இறங்கிய பிறகும் தெரு அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

எதைப் பார்க்கிறது? தேநீர்க் கடையிலே காசு கொடுக்கிறானா, கட்சியின் பெயரைச் சொல்லிக் கடன் வைக்கிறானா என்று பார்க்கிறது. நியாய விலைக் கடையிலே மூதாட்டிக்குப் பின்னால் நிற்கிறானா, முன்னால் நுழைகிறானா என்று பார்க்கிறது. மாநாட்டு நிதி திரட்டினானே, ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை திரும்பி வந்ததா என்று பார்க்கிறது.

'இவையெல்லாம் அற்பம்' என்கிறாயா? பத்து ரூபாயிலே வழுக்கிய கை, பத்துக் கோடியிலே நிலைத்து நிற்கும் என்று யார் நம்புவார்?

'அதிகாரி கேட்டான், கொடுத்தோம். குற்றம் அவனுடையது' என்போர் உண்டு. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபோது, கொடுப்பவனையும் குற்றவாளியாக்கியது. 7 ஆண்டு வரை சிறை என்றது. அதே சட்டம் ஒரு வாயிலையும் திறந்து வைத்தது: வற்புறுத்தலால் கொடுத்தவன் 7 நாளுக்குள் முறையிட்டால் அவன்மீது குற்றமில்லை! பட்டாவுக்காக உன்னை அழைத்துச் செல்லும் ஏழையின் காதிலே, 'ஏதாவது கொடுத்துத் தொலை' என்று சொல்லாதே. முறையீட்டை எழுதிக் கொடு; முன்னால் நில். அதற்குத்தானே கட்சி!

இனி, நாம் பேசத் தயங்குவதைப் பேசுவோம். பணம் பாய்ந்த காரணத்தால் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் நிறுத்தப்பட்டது. 2017 ஏப்ரலில் இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தல் நின்றது. 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தல் நின்றது. பணம் யாருடையதாகவேனும் இருக்கட்டும். ஊர்தோறும் உறையைச் சுமந்து வீட்டு வாயிற்படி ஏறுகின்ற கால் எவருடையது? தலைவரின் காலா? இல்லை, தோழனே, தொண்டனின் கால்!

'நாம் கொடுக்காவிட்டால் மாற்றான் கொடுப்பான். தோற்றுப்போவோம்' என்பது வாதம். தோல்வி கசக்கும், மறுக்கவில்லை. ஆனால் விலைக்கு வாங்கிய வாக்கு, அடுத்த முறை அதிக விலைக்குப் போகும். கொடுத்த பணத்தை எவரும் தருமக் கணக்கிலே எழுதுவதில்லை. சாலையிலே, சாக்கடையிலே, பள்ளிக் கட்டடத்திலே திரும்ப எடுப்பர். சுவர் இடிந்தால், உறை வாங்கியவன் கேள்வி கேட்க நாணுவான். உறை கொடுத்த நீ பதில் சொல்ல நாணுவாய். கேள்வியும் செத்தது, பதிலும் செத்தது. மக்களாட்சியிலே மிச்சம் என்ன?

நேர்மையாக இருந்தால் பொதுவாழ்வு நடத்த முடியுமா? நடத்திக் காட்டியவர்களைப் பார். எந்தக் கட்சி என்று கேளாதே. உள்துறை அமைச்சராக இருந்த கக்கன், பதவி போன பிறகு மதுரை அரசு மருத்துவமனையிலே எளியோரோடு எளியவராகச் சிகிச்சை பெற்றார். 2022இல் 'தகைசால் தமிழர்' விருதோடு 10 இலட்சம் ரூபாய் பெற்ற நல்லகண்ணு, அதனோடு தம் பணம் 5,000 ரூபாயைச் சேர்த்து முதலமைச்சர் நிவாரண நிதிக்கே அளித்தார். 10 இலட்சத்தைத் திருப்பித் தந்தது பெருந்தன்மை. அந்த 5,000 ரூபாயோ, பொதுவாழ்வு வாங்குமிடம் அன்று, வழங்குமிடம் என்பதற்கு அடையாளம்.

அத்தனை பெரிய ஈகையை உன்னிடம் கேட்கவில்லை. தேநீருக்குக் காசு கொடு. வரிசையிலே நில். வசூலுக்குக் கணக்குக் காட்டு. உறையைச் சுமக்க மறுத்துவிடு. இந்த நான்கையும் செய்தபின் மேடை ஏறு. நீ உரத்துப் பேச வேண்டியதில்லை, தோழனே, தெருவே உனக்காகப் பேசும்!