ரூபாயில் காட்டப்படும் தொகை மலிவான தொகை அன்று

வெளிநாட்டு ஏடிஎம் இயந்திரம் ஒன்று, இந்திய டெபிட் அட்டையைச் செருகியவரிடம், எடுக்கும் பணத்தை உள்ளூர் நாணயத்தில் கணக்கிடுவதா, இந்திய ரூபாயில் கணக்கிடுவதா என்று கேட்கும்போது, ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் நாணய மாற்றுச் செலவு மிச்சமாகும் என்னும் நம்பிக்கை, கடல் கடந்து சென்றுவரும் குடும்பங்களிடையே பரவலாக நிலவுகிறது. கணக்கிலிருந்து எவ்வளவு கழியும் என்பது திரையிலேயே தெரிந்துவிடுவதால் அது பாதுகாப்பான வழி என்றும், பிறகு ஊருக்கு வந்து வங்கிக் குறிப்பைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை என்றும் அதற்கு நியாயம் சொல்லப்படுகிறது. இந்நம்பிக்கை தவறானது என்பதோடு, உழைத்துச் சேர்த்த பணத்தை ஒவ்வொரு முறையும் ஓசையின்றி அரிப்பது என்பதால், கண்டித்தே ஆக வேண்டியதும் ஆகும்.

காரைக்காலில் இது சிறிய விஷயம் அன்று. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இவ்வூரின் நிர்வாகம் 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்தியாவின் கைக்கு மாறி, இரு நாடுகளுக்கிடையே 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, இங்குப் பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள இடம் தரப்பட்டது. அவ்வாறு வைத்துக்கொண்ட குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகளும் பேரர்களும் பாரிஸிலும் சார்செல் போன்ற அதன் வடபுறநகர்களிலும் வாழ்கின்றனர்; இந்தியக் கடவுச்சீட்டோடு அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோர், மாங்கனித் திருவிழாவுக்கும் திருமணங்களுக்கும் பிரெஞ்சு வங்கி அட்டையோடு ஊர் திரும்பும் உறவினர் என இரு திசையிலும் போக்குவரத்து ஓயாமல் நடக்கிறது. இவர்களைத் தவிர, சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்வோரும் இருக்கின்றனர்.

இயந்திரம் முன்வைக்கும் அந்த வசதிக்கு உடனடி நாணய மாற்று என்று பெயர். தொழில் வழக்கில் டிசிசி என்பர். யூரோவில் எடுத்த பணம் ரூபாய்க் கணக்கிலிருந்து கழிய வேண்டுமானால் நாணய மாற்று எப்படியும் நடந்தே தீரும் என்பதையும், அதை யார் செய்வது என்பது மட்டுமே அங்குக் கேட்கப்படுகிறது என்பதையும் அந்நம்பிக்கை காணத் தவறுகிறது. உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலையமைப்பு, மொத்தச் சந்தை விலைக்கு நெருக்கமான தன் அன்றைய விகிதத்தில் மாற்றுகிறது. அதன்மேல் அட்டை வழங்கிய வங்கி மார்க்-அப் எனப்படும் மிகைக் கட்டணத்தைச் சேர்க்கிறது. ரூபாயைத் தேர்ந்தாலோ, இயந்திரத்தின் உரிமையாளரும் அவருக்குச் சேவை செய்யும் நிறுவனமும் தாங்களே வகுத்த விகிதத்தில் மாற்றுகின்றனர். அவர்களுடைய லாபம் அந்த விகிதத்துக்குள்ளேயே அடங்கியிருப்பதால், தனிக் கட்டணம் எதுவும் இல்லாததுபோன்ற தோற்றம் உண்டாகிறது.

கணக்கின் எளிமைக்காக 1 யூரோ 100 ரூபாய் என்றும், எடுப்பது 200 யூரோ என்றும் கொண்டால், வலையமைப்பின் விகிதத்தில் அது 20,000 ரூபாய். இந்திய வங்கிகள் பலவும் வாங்கும் 3.5 விழுக்காடு மார்க்-அப் 700 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 126 ரூபாய், ஆக 20,826. இயந்திரம் 10 விழுக்காடு கூட்டி மாற்றினால், திரையில் 22,000 என்று தெளிவாகவே காட்டும். அத்தெளிவின் விலை 1,174 ரூபாய். வெளிநாட்டில் பணம் எடுப்பதற்கென்று வங்கி தனியே வாங்கும் நிலைக்கட்டணம் ரூபாயைத் தேர்ந்ததால் நீங்கிவிடுவதும் இல்லை. ரூபாயில் கணக்கிடப்பட்டாலும் வெளிநாட்டில் நடந்த பரிவர்த்தனை என்பதற்காகவே தனிக் கட்டணம் விதிக்கும் அட்டைகளும் உண்டு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. வங்கியின் மார்க்-அப் வரியோடு சேர்ந்து 4.13 விழுக்காடு ஆவதால், இயந்திரம் கூட்டுவது அதற்கும் குறைவாக, 3 விழுக்காடு அளவில் மட்டும் இருந்து, அட்டை வழங்கிய வங்கியும் வேறு கட்டணம் விதிக்காமல் விட்டால், ரூபாயைத் தேர்ந்தவருக்கு உண்மையாகவே சில நூறு ரூபாய் மிஞ்சும். ஆனால் இம்மறுப்பு நிற்பதற்கு, இயந்திரம் எத்தனை விழுக்காடு கூட்டியிருக்கிறது என்பதைப் பயணி அந்த இடத்திலேயே கணித்தறிய வேண்டும். விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கள் அன்றாட விகிதத்தை இணையத்தில் வெளியிடுவதால் அது முடியாத காரியம் அன்று என்றாலும், பின்னால் வரிசை காத்து நிற்க, விமானக் களைப்போடு நிற்கும் முதியவர் அதைச் செய்வார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பை அறியாத வாதம். சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில், வங்கி சாராத நிறுவனங்கள் நிறுத்தியிருக்கும் இயந்திரங்கள் 3 விழுக்காட்டோடு நிறைவடைவதும் அரிது. மார்க்-அப் வாங்காத டெபிட் அட்டைகளை இந்திய வங்கிகள் சில வழங்கத் தொடங்கிவிட்டதால், அவற்றை வைத்திருப்பவருக்கு இம்மறுப்பு சிறிதும் பொருந்தாது. தங்கள் பகுதியின் நாணயங்களுக்கிடையே நடக்கும் இத்தகைய மாற்றங்களில், ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்துக்கு மேல் எத்தனை விழுக்காடு கூட்டப்படுகிறது என்பதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் சட்டம் இயற்ற நேர்ந்தது என்பதே, விகிதத்துக்குள் லாபம் ஒளிந்திருந்தது என்பதற்குப் போதிய சான்று.

நம்பிக்கை நிலைப்பதற்கு அச்சமும் ஒரு காரணம். மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று திரை கேட்கையில், மறுத்தால் பணமே வராமல் போகும் என்று பலர் எண்ணுகின்றனர். மறுப்பது இயந்திரத்தின் விகிதத்தை மட்டுமே. கேட்ட பணம் உள்ளூர் நாணயத்தில் கணக்கிடப்பட்டு வந்து சேரும்.

பிரெஞ்சு அட்டையோடு காரைக்காலுக்கு வருவோருக்கும் இதே நியாயம் பொருந்தும். இங்குள்ள இயந்திரமோ கடையின் அட்டைக் கருவியோ யூரோவில் கணக்கிட முன்வந்தால் அதை மறுத்து ரூபாயையே தேர்ந்துகொள்வது, தங்கள் பிரெஞ்சு வங்கியின் கட்டணம் மிக அதிகமாக இருந்தாலன்றி, அவர்களுக்கு நன்மை.

நிலைக்கட்டணத்தைக் குறைக்கும் வழி வேறு: அடிக்கடி சிறுதொகை எடுக்காமல் தேவையானதை ஒரே முறை எடுப்பதும், இயந்திர உரிமையாளர் தனிக்கட்டணம் கேட்டால், தாய்லாந்தில் கேட்பதுபோல் தவிர்க்க முடியாததாக இருந்தாலன்றி, அதை ரத்துசெய்து வேறொரு வங்கியின் இயந்திரத்தை நாடுவதும் போதும்.

ரிசர்வ் வங்கி 2020இல் வகுத்த விதிப்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு வாடிக்கையாளர் கேட்டுப் பெற்றால்தான் திறக்கப்படும். அதற்காகக் கிளையை நாடி வருகிறவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். அவ்வேளையில் விண்ணப்பத்தை வாங்கி முத்திரையிடுவதோடு கடமை முடிந்ததாகக் கொள்ளாமல், போகும் நாட்டின் நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைக் காரைக்கால் வங்கிக் கிளைகள் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, அவர்கள் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.