கம்ப்யூட்டரும் சாட்சி சொல்லும்!

தேயிலைப் பாக்டரியில் ராத்திரி ரோலர் ஓடியதா, ஓடவில்லையா என்று தகராறு வந்தால், வேலை தெரிந்த தொழிலாளி யார் வாயையும் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான். டிரையர் எரிந்திருந்தால் விறகு குறைந்திருக்கும். ரோலர் சுழன்றிருந்தால் கரண்டு மீட்டர் நகர்ந்திருக்கும். கொழுந்து பச்சையாகவே தொட்டியில் கிடக்கும்போது, “நேற்றே தூளாகிவிட்டது” என்று எந்த மானேஜர் கையெழுத்துப் போட்டாலும் அது பொய்யென்று அவனுக்குத் தெரியும். கோவை மில்லில் நூற்கும் தோழரும் அப்படித்தான். பிரேம் எவ்வளவு ஓடியது என்பதை ஹேங்க் மீட்டர் சொல்லும். சூப்பர்வைசர் சொல்வது அப்புறம்.

மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் இப்படி மீட்டர் உண்டு. ஒன்றல்ல, பல உண்டு. படித்தவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. தொழிலாளிக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எதற்கு என்பதை ஒரு மனிதரின் கதை சொல்லும்.

திருச்சி ஜில்லா விரகாலூரில் 1937-ல் பிறந்தவர் பாதிரியார் ஸ்டேன் சுவாமி. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், காரணமின்றிச் சிறையில் அடைக்கப்பட்ட ஆதிவாசி இளைஞர்களுக்காகவும் பல்லாண்டு உழைத்தவர். 2018 ஜனவரி 1-ந் தேதி மராட்டியத்தில் பீமா கோரேகானில் நடந்த கலவரத்தையொட்டிப் புனே போலீஸ் தொடுத்த சதி வழக்கில் அவரையும் இழுத்தார்கள். 2019 ஜூன் 12-ந் தேதி ராஞ்சியில் அவரது கம்ப்யூட்டரைப் பறிமுதல் செய்தார்கள். 2020 அக்டோபர் 8-ந் தேதி தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. வயது 83. பார்க்கின்சன் வியாதியால் கை நடுங்கி, டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாத நிலை. உறிஞ்சு குழாய் கேட்டுக் கோர்ட்டுக்கு மனுப்போட்டார். அதற்கே வாரக்கணக்கில் வாய்தா! 2021 ஜூலை 5-ந் தேதி, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, பம்பாய் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார்.

இந்த வழக்கில் கைதானவர்கள் 16 பேர். வழக்கின் முதுகெலும்பு எது? கம்ப்யூட்டர்களில் கண்டெடுத்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள். அவற்றில் ஒன்று பிரதம மந்திரியைக் கொல்வது பற்றிப் பேசுகிறதாம். மாவோயிஸ்டுகளின் பாதை நமது பாதை அல்ல. அது வேறு விவாதம். இங்கே கேள்வி ஒன்றுதான்: அந்தக் கடிதங்களை அந்தக் கம்ப்யூட்டர்களில் யார் வைத்தார்கள்?

பிரதிவாதி வக்கீல்கள் கோர்ட் மூலம் பெற்ற டிஸ்க் நகல்களை அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ராஜ்யத்திலுள்ள ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடய ஆய்வுக் கம்பெனி ஆராய்ந்தது. 2021 பிப்ரவரியில் வந்த அதன் முதல் அறிக்கை டில்லியைச் சேர்ந்த ரோனா வில்சனின் கம்ப்யூட்டரைப் பற்றியது. 2016 ஜூன் 13-ந் தேதி, தெரிந்தவர் பெயரில் வந்த ஈமெயிலைத் திறந்தபோது, ‘நெட்வயர்’ என்ற களவுப் புரோகிராம் உள்ளே புகுந்துவிட்டது. அதற்குப்பின் 22 மாதம் அந்தக் கம்ப்யூட்டரை வெளியிலிருந்து எவனோ ஓட்டினான். மறைவாக ஒரு போல்டர் உண்டாக்கப்பட்டது. கடிதங்கள் ஒவ்வொன்றாக அதற்குள் இறங்கின. அந்தப் போல்டரில் கடைசியாகக் கைவைத்தது 2018 ஏப்ரல் 16. மறுநாள், 17-ந் தேதி, போலீஸ் வந்து கம்ப்யூட்டரை எடுத்துப் போயிற்று!

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? இங்கேதான் மீட்டர் விஷயம் வருகிறது.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் ஓடினால், அடுத்தமுறை அதைச் சீக்கிரம் துவக்குவதற்காக ‘பிரீபெட்ச்’ என்ற அறையில் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு குறிப்பு எழுதி வைக்கும். எந்தப் புரோகிராம், எத்தனை தடவை ஓடிற்று, கடைசியாக எப்போது ஓடிற்று என்பது அதில் இருக்கும். புதிய விண்டோஸ்களில் கடைசி எட்டு தடவை ஓடிய நேரமும் இருக்கும். ‘ரெஜிஸ்ட்ரி’ என்ற பெரிய பேரேட்டில் ‘யூசர்அசிஸ்ட்’ என்று ஒரு பக்கம் உண்டு. மேஜையில் உட்கார்ந்தவர் சொடுக்கித் திறந்த புரோகிராம்கள் அதில் பதிவாகும். வேடிக்கை என்னவென்றால், பெயர்களை நேராக எழுதாமல் ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் 13 இடம் தள்ளி எழுதி வைக்கிறது; பள்ளிப் பிள்ளைகள் ரகசியப் பாஷை பேசுவதுபோல! ‘ஆம்கேஷ்’ என்ற ஏட்டில் புரோகிராமின் கைரேகை போன்ற ஓர் எண்ணும் சேர்கிறது. போதாததற்கு, வைரஸ் தடுப்புப் புரோகிராமும் தன் பங்குக்கு, எது எதைக் கிளப்பிவிட்டது என்று எழுதி வைத்துக்கொண்டே இருக்கும்.

கடிதங்களைக் கட்டுப் பிரிக்க ஓட்டிய கருவிக்கு, எல்லோருக்கும் தெரிந்த ‘அடோபி’யின் பெயரை மாற்றிச் சூட்டியிருந்தான் அந்தக் களவாளி. பெயரை மாற்றலாம், ஓடிய சுவடு என்னவோ பதிந்துவிட்டது.

இன்னொன்று, இதைவிட முக்கியம். ஒரு பைலைத் திறந்து படித்தாலும் சுவடு விழும்: சமீபத்தில் திறந்தவற்றின் பட்டியலில் வரும், பைலுக்கு ஓர் அடையாள எண் ஒட்டும். இந்தக் கடிதங்களுக்கு அப்படி ஒரு சுவடும் இல்லை. யாருக்கு எழுதியதாகச் சொல்கிறார்களோ அவர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை! அதோடு, சில கடிதங்கள் 2010 அல்லது 2013-ம் வருஷத்து வேர்டு புரோகிராமில் தயாரானவை. வில்சன் வைத்திருந்ததோ 2007-ம் வருஷத்து வேர்டு. தொட்டியில் பச்சைக் கொழுந்தை வைத்துக்கொண்டு தூளுக்குக் கணக்கு எழுதிய கதைதான்.

ஸ்டேன் சுவாமியின் கம்ப்யூட்டரைப் பற்றிய அறிக்கை 2022 டிசம்பரில் வெளியாயிற்று. அவர் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. 2014 அக்டோபரிலிருந்து ஏறத்தாழ ஐந்து வருஷம் அவர் கம்ப்யூட்டர் களவாளியின் கையில் இருந்திருக்கிறது. 40-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளே வைக்கப்பட்டன. 2019 ஜூன் 11 இரவு களவாளி அவசர அவசரமாகத் தன் சுவடுகளை அழித்தான். விடிந்தால் பறிமுதல்! போலீஸ் வரப்போகிற நாள் களவாளிக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்விக்குச் சர்க்கார் பதில் சொல்லியாகவேண்டும்.

இந்த அறிக்கைகளைப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை. இவை குற்றப்பத்திரிகையில் சேர்ந்தவை அல்ல என்கிறது. சரி, விசாரணை நடத்திச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யட்டுமே! 2025 ஜனவரியில் வில்சனுக்குப் பம்பாய் ஹைகோர்ட் ஜாமீன் கொடுத்தபோது ஆறரை வருஷச் சிறைவாசம் முடிந்திருந்தது. அதுவரை குற்றச்சாட்டுகள்கூட வரையப்படவில்லை. சட்ட விரோத நடவடிக்கைகள் தடைச் சட்டத்தில் விசாரணையே தண்டனை.

துருக்கியில் இது நடந்து முடிந்த கதை. 2003-ல் எழுதியதாகச் சொன்ன ராணுவச் சதி ஆவணங்களுக்குள் 2007-ல் வந்த ஆபீஸ் புரோகிராமின் எழுத்துருப் பெயர் இருந்தது. நூற்றுக்கணக்கானோர் தண்டனை பெற்றபின், 2015-ல் 236 பேர் விடுதலையானார்கள். நம் நாட்டுக்கும் சதி வழக்கு புதிதல்ல. 1924-ல் வெள்ளைக்காரன் கான்பூர்ச் சதி வழக்கைக் கட்டியபோது, நம் சிங்காரவேலரையும் அதில் சேர்த்தான். அன்று தபாலில் போன கடிதங்களை வழிமறித்துப் படித்தார்கள். இன்று கடிதத்தையே கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய் வைக்க முடிகிறது.

நீலகிரிக்கு இது தூரத்து விஷயம் அல்ல. குன்னூரிலும் கூடலூரிலும் கோத்தகிரியிலும் சங்க ஆபீசுகளில் இன்று அங்கத்தினர் பட்டியல், கிராஜுவிட்டி மனு, பிராவிடெண்டு பண்டுக் கணக்கு, வீட்டுமனைக் கோரிக்கை எல்லாம் கம்ப்யூட்டரில்தான். எஸ்டேட்டிலும் எடையும் மஸ்டரும் மெஷினுக்குள் போகின்றன. நாளைக்கு ஒரு வேலைநிறுத்தத்தின் நடுவே போலீஸ் வந்து சங்கக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது?

முதலில், பெட்டியை ஆன் செய்து துழாவ விடக்கூடாது. ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் மெஷின் புதிதாக எழுதும், பழைய சுவடு கலையும். டிஸ்க் முழுவதற்கும் ‘ஹாஷ்’ என்ற எண் ஒன்றைக் கணக்கிடலாம். டிஸ்கில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். அந்த எண்ணை அங்கேயே, அப்போதே கணக்கிட்டு, மகஜரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நகல் தரக் கேட்கவேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவு, எலெக்ட்ரானிக் ஆவணத்துக்குத் தரும் சான்றிதழில் இந்த எண் இருக்கவேண்டும் என்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 105-ம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. ஆனால் சான்றிதழ் எண் கோர்ட்டுக்குப் போகும்போது எழுதப்பட்டால் யாருக்கு லாபம்? பறிமுதலுக்கும் கோர்ட்டுக்கும் நடுவிலுள்ள நாட்களில்தான் ஆபத்து இருக்கிறது. பறிமுதல் நேரத்திலேயே எண் எழுதுவதையும், முழு டிஸ்க் நகலை எதிரிக்கு உடனே கொடுப்பதையும் சட்டக் கடமையாக்க வேண்டும் என்று கோருகிறோம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒற்றைச் சுவட்டை நம்பி எவரும் துள்ளக்கூடாது. ‘ஷிம்கேஷ்’ என்ற ஏட்டில் பெயர் இருந்தால், புரோகிராம் அங்கே இருந்தது என்றுதான் பொருள். ஓடியது என்று நிச்சயமில்லை. சுவடுகளை அழிக்கவும் முடியும். நாலு மீட்டரையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த நிபுணர் வேண்டும். அதுவும் போலீசுக்கு மட்டும் கிடைக்கிற நிபுணராக இருக்கக்கூடாது. சட்ட உதவி மையங்கள் தொழிலாளிக்கும் அப்படி ஒருவரை அமர்த்திக் கொடுக்கவேண்டும்.

கிளைச் செயலாளர்கள் இந்த வாரமே தங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரியாத ஈமெயில் இணைப்புகளைத் திறப்பதை நிறுத்தவேண்டும். முக்கியப் பதிவேடுகளுக்குத் தேதியிட்ட தனி நகல் எடுத்து வெளியே வைக்கவேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒரு வக்கீல் தோழரை அழைத்து, மகஜரில் என்னென்ன எழுதக் கேட்பது என்பதை அங்கத்தினர் எல்லோருக்கும், முக்கியமாகக் கொழுந்தெடுக்கும் பெண் தோழர்களுக்கு, விளக்கச் செய்யவேண்டும்.