தேர்ந்தெடுத்தோம், பணம் கட்டு

காசிமேட்டிலிருந்து வரும் என் மாணவி, தன் ஒரே ஒரு கவிதை தொகுப்பில் வர இரண்டாயிரம் ரூபாய் கட்டியிருக்கிறாள். அம்மா மீன் விற்ற காசு. “ஐஎஸ்பிஎன் நம்பருக்குன்னு கேட்டாங்க மேடம்” என்றாள். இந்தியாவில் அந்த எண்ணைப் பதிப்பாளருக்கு ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது!

அச்சுச் செலவு உன்னுடையது என்று நேராகச் சொல்லி, கணக்குக் காட்டி வாங்குபவரோடு எனக்குச் சண்டையில்லை. ‘உன் கவிதையைத் தேர்ந்தெடுத்தோம்’ என்று கூப்பிட்டுவிட்டு, சான்றிதழ், கேடயம், பத்துப் பிரதி என்று கறப்பவரோடுதான் சண்டை. கட்டியவர்களைத் தவிர அந்தப் புத்தகத்தை யார் படித்தார்கள்? எந்தக் கடையில் கிடைக்கிறது? பெண் எழுதுவதை வீட்டில் ஒருவரும் படிப்பதில்லை. அந்த ஏக்கத்தின் விலை இவர்களுக்குத் தெரியும்.

உரிமையையும் வாட்ஸப்பில் ஒரு ‘சம்மதம்’ போட வைத்து வாங்கியதாகச் சொல்கிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும் என்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான்.

மாணவியை ஏமாளி என்று திட்டும் பேராசிரியர்களே, 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியதே, அதுபோன்ற இதழ்களில் காசு கட்டிக் கட்டுரை போட்டது யார்? நானும் கட்டினேன், பதவி உயர்வுக்காக.

“அப்ப நீங்க யாரையாவது கேட்டீங்களா மேடம்?” என்றாள்.

கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.